கட்டும் கட்டிலும்: உத்திரமேரூர் வட்டார வீட்டு மரக்கட்டில் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வரலாற்றாய்வில் கட்டில் பெரும்பாலும் அரசுரிமையின் குறியீடாகவே பேசப்பட்டு வந்துள்ளது. அரசு கட்டில், முரசு கட்டில் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட அளவிற்கு, உழவர் வீட்டில் நாட்டு மரத்தாலும் கயிற்றாலும் செய்துகொள்ளப்பட்ட கட்டிலைப் பற்றி எழுதப்படவில்லை. மரம் மட்கிப்போவது இதற்கு ஒரு காரணம்; எதனைச் சான்றாக ஏற்பது என்பதில் ஆய்வாளர் கொண்ட வழக்கம் மற்றொரு காரணம். உத்திரமேரூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, இலக்கியம், கல்வெட்டு, குடியேற்றக் கால ஆவணம், தச்சு முறை ஆகிய நான்கையும் ஒருசேர வைத்து வீட்டுக் கட்டிலின் வரலாற்றை அணுகும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டிலின் உயிர்நிலை அதன் மரச்சட்டத்தில் இல்லை, கட்டில்தான் உள்ளது என்பதும், அக்கட்டைச் செய்தவரைத் தேடுவதே அப்பொருளின் வரலாற்றை எழுதும் வழி என்பதும் இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: கட்டில், பள்ளி, உத்திரமேரூர், தச்சர், மேரை, புறநானூறு, புழங்குபொருள் வரலாறு.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களிலுள்ள முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளால் (கி.பி. 919, 921) உலகறிந்த ஊர். 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தில் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. இரண்டாம் கல்வெட்டின்படி, தேர்வுக்குரியவர் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராகவும், தம் மனையில் வீடெடுத்துக் குடியிருப்பவராகவும், 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குள் இருப்பவராகவும் இருத்தல் வேண்டும். தகுதிகளின் பட்டியலில் வீடு இடம்பெறுவது நோக்கத்தக்கது. ஒருவன் வீடுடையவனா என்பது சபைக்குத் தேவையான செய்தி. அவ்வீட்டினுள் அவன் எதன்மீது உறங்கினான் என்பது யாருக்கும் தேவையில்லாத செய்தி.

அதே ஊரின் சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் இறைவன் மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சியளிக்கிறான். கிடந்த கோலத்திற்கு நாகணை உண்டு. கோயிற் பள்ளியறைகளின் கட்டிலுக்கும் வழிபாட்டில் இடம் உண்டு. ஆனால் அக்கோயிலுக்கு நெல் அளந்த குடிகளின் படுக்கையைப் பற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைக் கொண்ட அவ்வூரில் எதனையும் எதிர்பார்க்க இயலாது. கல்வெட்டின் நோக்கம் அதுவன்று. இந்த இயல்பான வரம்பை மறந்து, கல்வெட்டில் இல்லாத பொருளுக்கு வரலாறே இல்லை என்பதுபோல எழுதும் வழக்கமே சிக்கலுக்குரியது.

எஞ்சும் பொருளின் தன்மையும் இதில் பங்கு வகிக்கிறது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் போன்ற குன்றுகளில் சமண முனிவர்க்கு வெட்டிக்கொடுக்கப்பட்ட கற்படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. அவற்றை அளித்தவர் பெயர்களும் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளன. இதனால் தமிழகத்தின் பழம்படுக்கை என்றவுடன் துறவியின் கல் நினைவுக்கு வருகிறது. இல்லறத்தாரின் மரமும் நாரும் தோலும் மண்ணாகிவிட்டன. துறவியின் படுக்கை எஞ்சி, குடும்பத்தாரின் படுக்கை எஞ்சாமற்போனது வரலாற்றின் சிறு நகைமுரண்களில் ஒன்று.

சொல்

கட்டில் என்னும் சொல்லைக் கட்டு என்னும் வினையடியோடு தொடர்புபடுத்துவது அறிஞர் மரபு. மலையாளத்திலும் இச்சொல் அவ்வாறே வழங்குகிறது. வடமொழியின் கட்வா என்னும் சொல்லுக்குத் திராவிட மூலத்தைக் கருதும் மொழியியலாளர் உளர். அதிலிருந்து வந்த இந்தியின் காட் என்பதே ஆங்கிலத்தில் காட் ஆயிற்று. மேலைக் கடற்கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் கட்டிலைக் காத்ரே என்று தம் மொழிக்குக் கொண்டு சென்றனர். அது இசுபானியத்தில் நுழைந்து, பிலிப்பைன்சு தீவுகளில் இன்றும் காத்ரே என்றே வழங்குகிறது. கப்பலிலும் பாசறையிலும் எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய படுக்கையாக இருந்ததால் பொருளோடு சொல்லும் பயணம் செய்தது எனக் கருதலாம்.

14ஆம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா, இந்தியப் படுக்கைகளின் இலேசான தன்மையைக் கண்டு வியந்து குறித்துள்ளார். கூம்பு வடிவிலான நான்கு கால்கள், நான்கு குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மீது பட்டு அல்லது பருத்தி நாடாவாலான பின்னல். ஒருவரே தூக்கிச் செல்லலாம். பின்னலே நெகிழ்வுடையதாதலின் மெத்தை வேண்டியதில்லை என்பது அவர் தரும் செய்தி. தில்லியை மையமாகக் கொண்ட இவ்வருணனை, பிற்காலத்தில் மதுரைச் சுல்தானகம் வரை வந்த ஒருவருடையது. பட்டை நீக்கிவிட்டு அவ்விடத்தில் பனைநாரையோ தேங்காய்நார்க் கயிற்றையோ வைத்தால் அவர் வருணித்தது இன்றைய கயிற்றுக் கட்டிலே ஆகும்.

சொல்லின் வேரைப் பற்றிய விளக்கம் வெறும் சொல்லாராய்ச்சியன்று. கட்டப்பட்டதே கட்டில் என்றால், கட்டப்படாத நான்கு காலும் நான்கு சட்டமும் இன்னும் கட்டில் ஆகவில்லை. தச்சு முறையும் இதனையே காட்டுகிறது. அது கீழே விரிவாக நோக்கப்படும்.

பள்ளியும் கட்டிலும்

சங்க இலக்கியத்தில் தொண்டை நாட்டு மக்களின் இல்லங்களை நேர்நின்று காட்டும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், கச்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகையில் வழியிலுள்ள எயினர், கோவலர், உழவர் முதலியோரின் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கிறார். எயினர் குடிசையில் ஈன்ற பெண் தன் மகவோடு மான்தோற் பள்ளியில் கிடக்கிறாள். இங்கே பள்ளி என்பது படுக்குமிடம். தரையில் விரித்த தோல். இன்றைய உத்திரமேரூர் இருக்கும் நிலப்பகுதிக்கு மிக அண்மையில் நின்று பேசும் சங்கச் சான்று இதுவே என்பதால் இதன் மதிப்பு கூடுகிறது.

கட்டிலோ அரண்மனைக்குள் நிற்கிறது. நெடுநல்வாடை, பாண்டிமாதேவியின் படுக்கையைப் பாண்டில் எனக் குறித்து, நாற்பது ஆண்டு நிரம்பிய களிற்றின் கொம்பினால் கைவல் வினைஞன் கூரிய உளி கொண்டு அதன் கால்களைச் செய்தமையை நுணுகிக் கூறுகிறது. புறநானூற்றின் 50ஆம் பாடல், முரசு கட்டில் எனத் தெரியாமல் ஏறித் துயின்ற மோசிகீரனாரை வாளால் எறியாது, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய நிகழ்ச்சியைச் சொல்வது. கட்டில் ஏறுதல் என்பது ஆட்சிக்கு வருதலைக் குறிக்கும் தொடராகவே நிலைத்தது. இச்சான்றுகளை மட்டும் கொண்டு கட்டில் உயர்ந்தோர்க்கும் பள்ளி எளியோர்க்கும் உரியன என முடிவு செய்வது எளிது. பலரும் அவ்வாறே செய்துள்ளனர்.

இம்முடிவைத் தடுத்து நிறுத்துவது புறநானூற்றின் 82ஆம் பாடல். போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பாடும் சாத்தந்தையார், போரின் விரைவுக்கு ஒரு கைத்தொழிலாளனை உவமை கூறுகிறார். ஊரில் விழா தொடங்கிவிட்டது, மனைவி பேறுகாலத்தில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. அவன் கையிலோ முடிக்க வேண்டிய கட்டில். வாரைக் கோத்த ஊசி அவன் விரல்களிடையே பறக்கிறது. பாடல் அவனை இழிசினன் என்னும் சொல்லால் குறிக்கிறது.

இப்பாடல் இழிசினன் என்ற சொல்லுக்காகவே மிகுதியும் ஆராயப்பட்டிருக்கிறது. சங்ககாலத்தில் பிறப்பு வழித் தாழ்வு இருந்ததா, தொழில் வழித் தாழ்வு இருந்ததா என்ற விவாதத்தில் இது ஒரு மேற்கோளாகிவிட்டது. அவ்விவாதம் தேவையானதே. ஆயினும் அவன் செய்துகொண்டிருந்த வேலையை அது கண்டுகொள்ளவில்லை. மூன்று செய்திகள் இங்கே புலப்படுகின்றன. முதலாவது, அவன் மரவேலை செய்யவில்லை. சட்டம் முன்பே ஆயத்தமாக உள்ளது. மரம் அறுப்பவரும் கட்டுபவரும் வேறுவேறு எனும் தொழிற்பகுப்பு அன்றே இருந்ததெனக் கருத இடமுண்டு. இரண்டாவது, கட்டும் பொருள் கயிறோ நாரோ அன்று, போழ், அதாவது பிளந்த வார். அதற்கு ஊசி தேவைப்படுகிறது. மூன்றாவது, அவன் தனக்காகக் கட்டவில்லை எனத் தோன்றுகிறது. விழாவும் மனைவியின் பேறும் காத்திருக்க, மழையில் ஒருவன் தன் சொந்தக் கட்டிலைப் பின்னிக்கொண்டிருக்க மாட்டான். யாரோ ஒருவருக்குக் கெடுவுக்குள் முடித்துத்தர வேண்டிய வேலை அது.

அந்தக் கட்டில் அரசனுடையது என்பதற்குப் பாடலில் குறிப்பு இல்லை. உவமை என்பது கேட்போர் முன்பே கண்டறிந்த ஒன்றாக இருந்தாலன்றிப் பயன்படாது. எனவே ஊர்த் தெருவில் கட்டில் பின்னுபவனின் விரைவு அக்காலத்து அவையோர் அறிந்த காட்சியாகும். கட்டிலின் தமிழ் வரலாறு யானைக் கொம்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; இந்த ஊசியிலிருந்தும் தொடங்கலாம்.

அளவின் அரசியல்

கட்டிலுக்கான அளவுகளை வகுத்துரைத்த பழைய நூல்களுள் வராகமிகிரரின் பிருகத் சம்கிதை முதன்மையானது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்நூல், அரசனின் கட்டிலுக்கு நீளம் 100 அங்குலம் என்றும், இளவரசனுக்கு 90, அமைச்சனுக்கு 84, படைத்தலைவனுக்கு 78, புரோகிதனுக்கு 72 என்றும் விதிக்கிறது. எட்டு யவதானியத்தின் அகலம் கொண்ட அங்குலம் அது. இடி விழுந்த மரம், காற்றில் சாய்ந்த மரம், யானை முறித்த மரம், பறவைகள் கூடுகட்டிய மரம் ஆகியவற்றை அந்நூல் விலக்குகிறது. தென்னக வாத்து நூலான மயமதத்திலும் இருக்கை, படுக்கை பற்றிய இயல் உண்டு.

24 அங்குலம் ஒரு முழம் என்னும் மரபுக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் புரோகிதனின் கட்டில் 3 முழம், ஏறத்தாழ நாலரை அடி. ஒருவர் கால் நீட்டிப் படுப்பதற்கு அது போதாது. ஆகவே இவ்வளவுகள் உடலுக்காக வகுக்கப்பட்டவை அல்ல, தகுதிக்காக வகுக்கப்பட்டவை. நாட்டுப்புறத்தில் பொதுவாகக் காணப்படும் ஆறடிக் கட்டிலோ 4 முழம், அதாவது 96 அங்குலம். சாத்திரத்தின் கணக்கில் அது இளவரசனின் கட்டிலைக் காட்டிலும் நீளமானது. அரசனுக்கு 4 அங்குலம் மட்டுமே குறைவு. தம் வீட்டு முதியவரின் உயரத்திற்கேற்பக் கோல் வைத்து அளந்த உழவர், சாத்திரத்தை மீறும் நோக்கத்தோடு இதனைச் செய்திருக்க வேண்டியதில்லை. படுப்பவரின் தலையும் காலும் சட்டத்தில் இடிக்கக்கூடாது என்பதே அவர் அறிந்த விதி.

ஆயினும் அளவில் இல்லாத ஏற்றத்தாழ்வு, யார் முன்னால் யார் கட்டிலில் அமரலாம் என்பதில் இருந்தது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்பது சாதிச் சமூகத்தில் சிறிய உயரமன்று. இடைக்காலக் கொங்கு நாட்டுக் கல்வெட்டொன்று, கோனேரின்மைகொண்டான் பெயரில் கம்மாளர்க்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம்; பேரிகை கொட்டலாம்; வெளியே செல்கையில் செருப்பணியலாம்; தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அதுவரை பிறர் வீட்டுக்கு நிலையும் கதவும் செய்தவர், தம் வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள அரசாணை தேவைப்பட்டது என்பதே இதன் பொருள். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் பொறிக்கப்பட்ட பெருமையை எடுத்துரைக்கும் நூல்கள், இந்தக் கல்வெட்டையும் அருகில் வைத்துப் பேசுவது நேர்மையாகும்.

ஆசாரியின் மேரை

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராகக் கிடைத்த நிலப்பகுதியே பின்னைய செங்கல்பட்டு மாவட்டம். உத்திரமேரூர் அதனுள் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு மேற்கொண்ட அளவாய்வில் ஏறத்தாழ 2000 ஊர்களின் நிலம், குடி, ஊழியம் பற்றிய செய்திகள் திரட்டப்பட்டன. விளைச்சலில் ஊர் ஊழியர்க்கு ஒதுக்கிய பங்குகள் இவ்வட்டார ஓலைக் கணக்குகளில் காணப்படுகின்றன. தச்சரும் கருமாரும் களத்து மேட்டில் நெல்லாகப் பங்கு பெற்றவர்.

இப்பங்கு எதற்காக? 1812ஆம் ஆண்டின் ஐந்தாம் அறிக்கை, கருமாரும் தச்சரும் உழவுக் கருவிகளைச் செய்பவர், குடியானவரின் வீட்டைக் கட்டுபவர் என வரையறுக்கிறது. ஏர், நுகம், பரம்பு, ஏற்றம், வீட்டின் நிலையும் விட்டமும் மேரைக்குள் அடங்குவன. கட்டில் அவ்வரையறையில் இல்லை. பட்டியலில் ஒன்று இல்லாததைக் கொண்டு மிகுதியாக முடிவு செய்வது முறையன்று. ஆயினும் உழவுக்கு இன்றியமையாத பொருள் பங்கு முறையின்கீழ் வர, கட்டில் தனிக்கூலிக்கோ வீட்டார் கைவேலைக்கோ விடப்பட்டது என்னும் கருத்து, பிற்காலக் கிராம நடைமுறையோடு பொருந்துகிறது. மரம் வீட்டாருடையது, துளையடிக்கும் வேலை ஒருநாள் கூலிக்கு ஆசாரியுடையது, கயிறு திரிப்பதும் பின்னுவதும் மீண்டும் வீட்டாருடையது. வீட்டிலேயே செய்த கட்டில் என்று பெருமையாகக் கூறப்படுவதன் உள்ளமைப்பு பெரும்பாலும் இதுவே. தன்னிறைவுக் கிராமம் என்னும் கற்பனைக்கு இக்கட்டில் சான்றாகாது. ஒரு கட்டிலுக்கே குறைந்தது இரு வேறு கைகளின் திறன் தேவைப்பட்டது.

எல்லோர் வீட்டிலும் கட்டில் இருந்ததென்றும் கொள்ள வேண்டா. அண்டையிலுள்ள வந்தவாசி கோரைப் பாய்க்குப் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தின் பொதுப் படுக்கை பாய்தான். கட்டில் முதியவர்க்கும் நோயுற்றோர்க்கும் உரியதாக இருந்தது. கோடையில் அது வாசலுக்கு வரும். அறுவடைக் காலத்தில் நெற்களத்தில் காவலிருப்பவரின் இருப்பிடமாகும். வயிரமேகத் தடாகம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் பேரேரியின் பாசனத்தில் நெல் விளையும் ஊரில், பாம்பும் தேளும் நடமாடும் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலெழுவது ஆடம்பரமாகாது. சாலையில்லாத ஊர்களில் நோயாளியை நால்வர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடப்பதும் உண்டு. உயிர் பிரியும் வேளையில் மட்டும் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கிவிடுவர்.

மரம், துளை, கயிறு

இவ்வகைக் கட்டிலுக்குக் காட்டுத் தேக்கு வருவதில்லை. புழக்கடைப் பூவரசு, வேம்பு, வாகை, வரப்பிலுள்ள கருவேலம் ஆகியவையே அடிப்படை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் ஒதுக்கப்பட்ட காடுகளில் மரம் வெட்டுவது குற்றமாயிற்று. ஏரிக்கரை, புறம்போக்கு நிலங்களிலுள்ள மரத்தின் பயனுக்கும் 2சி பட்டா என்னும் மரப்பட்டா வேண்டும். ஆகவே கட்டிலுக்கு மரம் தேடுவது தன் மனைக்குள் தேடுவதாகச் சுருங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையின் எரிபொருள் தேவைக்காகக் கடற்கரை மாவட்டங்களில் பரவலாக நடப்பட்ட சவுக்கு, நேரான கழிகளைக் குறைந்த விலைக்குத் தந்தது. பட்டை நீக்கிய சவுக்குக் கழியையே நீளச் சட்டமாகப் பொருத்துவதற்கு அதன்பின் வாய்ப்பு ஏற்பட்டது.

பூவரசு காலுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. அதன் இழை பின்னிக் கிடப்பதால் துளையடிக்கும்போது எளிதில் பிளப்பதில்லை. வேம்பைப் பூச்சி அவ்வளவாக அரிப்பதில்லை. வெட்டிய மரத்தை உடனே பயன்படுத்தாமல் குளத்து நீரில் சில வாரங்கள் ஊறவிட்டு, பின்பு நிழலில் உலர்த்துவது மரபு. மரத்திலுள்ள பாலும் மாவுச்சத்தும் நீரில் கரைந்துபோவதால் உளுத்துப்போவது குறைகிறது. உலர்ந்த மரத்தைக் கோடாரியால் பிளந்து, வாய்ச்சியால் செதுக்கிக் கால்கள் செய்யப்படுகின்றன. இழைப்புளி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வாய்ச்சியின் வெட்டுத் தழும்புகள் காலின் மேல் அப்படியே இருக்கும். பல்லாண்டுப் புழக்கத்தில் கைபட்டுத் தேய்ந்தே அவை வழுவழுப்பாகின்றன.

கால் ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த இரு பக்கங்களில் இரு துளைகள். நீளச் சட்டத்தின் செதுக்கிய முனை ஒன்றிலும் குறுக்குச் சட்டத்தின் முனை மற்றொன்றிலும் நுழையும். இரு துளைகளும் காலின் உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும் இடமே ஆசாரியின் திறனுக்குச் சோதனை. துளை அகன்றுவிட்டால் கால் ஆடும். குறுகிவிட்டால் முனையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது கால் பிளக்கும். ஆணி அடிப்பதில்லை, பசையும் இல்லை.

இந்நிலையில் சட்டத்தைத் தூக்கினால் அது நெளியும். மூலைகள் செங்கோணத்தில் நிற்கா. அதனை உறுதியாக்குவது கயிறு. இருபுற நீளச் சட்டங்களுக்கிடையே கயிறு இழுத்துக் கட்டப்படும்போது அவை உள்நோக்கி ஈர்க்கப்படுகின்றன. அந்த ஈர்ப்பு கால்களின் வழியே குறுக்குச் சட்டங்களை இருமுனையிலும் நெருக்குகிறது. தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இழுக்கும் கயிறோ நீளச் சட்டங்களை அவ்வாறே நெருக்குகிறது. ஆக, ஒவ்வொரு முனையும் தன் துளைக்குள் இறுகிவிடுகிறது. மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் பின்னல், சட்டம் நெளிவதைத் தடுக்கிறது. கட்டிலின்மீது ஒருவர் படுக்கும்போது கயிறு மேலும் இழுபடுகிறது. பொருத்துகள் மேலும் இறுகுகின்றன. மேசைக்கோ நாற்காலிக்கோ பாரம் பகை. கயிற்றுக் கட்டிலுக்கு அது துணை. கயிறு இங்கே மெத்தைக்கு மாற்றாக விரித்த ஒன்றன்று, கட்டமைப்பின் உறுப்பு. கட்டு என்னும் வேர் எதனைக் குறித்தது என்பது இங்கே கண்கூடாகிறது.

சமதளமில்லாத மண் தரையில் நான்கு கால்களும் ஒருசேரப் படியாதபோது இறுக்கமான மரச்சட்டம் ஆடும். கயிற்றால் நிற்கும் சட்டமோ சற்றே முறுக்கிக்கொண்டு தரைக்குப் படிந்துவிடுகிறது. கரடுமுரடான கைவேலையின் குறைகளையும் அந்த நெகிழ்வு பொறுத்துக்கொள்கிறது. கால் ஒன்று விரலளவு குட்டையானாலும் கட்டில் பயன்படும். தேர்ந்த தச்சர் அல்லாதவரும் வீட்டில் முயன்று பார்க்கக்கூடிய பொருளாக அது இருந்ததற்கு இதுவே காரணம்.

பின்னலுக்குப் பனைமட்டை நார், தேங்காய்நார்க் கயிறு, பின்னாளில் பருத்தி நாடா ஆகியன பயன்பட்டன. பனைநாரை நீரில் ஊறவைத்து ஈரத்தோடு பின்னுவர். உலரும்போது அது தானே இறுகும். மட்டையிலிருந்து நார் கிழிப்பதற்கு மரத்தை வீழ்த்த வேண்டியதில்லை. தேங்காய்நார்க் கயிறு நாளடைவில் தொய்யும். அதற்கென்று கால்மாட்டில் ஒரு சாண் அல்லது அதற்கு மேல் இடைவெளி விட்டு, அங்கே தனிக் கயிறு ஓட்டி வைப்பர். தொய்யும்போதெல்லாம் அந்தக் கயிற்றை இழுத்து முடிந்தால் கட்டில் முழுவதும் இறுகும். பின்னலின் இடுக்கில் குடியேறும் மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றுவது வாடிக்கை. அதனால் நார் விரைவில் இற்றுப்போகும். மீண்டும் பின்ன வேண்டும். ஒரு மரச்சட்டம் அதன் ஆயுளில் பல பின்னல்களைக் காண்கிறது. காலும் சட்டமும் பாட்டன் காலத்தவையாக இருக்க, கட்டு மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதியது.

சாத்தந்தையார் காட்டும் தோல்வார், இவ்வட்டாரத்தின் அண்மைக் காலப் பின்னலில் வழக்காக இல்லை. வாரிலிருந்து நாருக்கு மாறியது மூலப்பொருள் மாற்றம் மட்டுமன்று. தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட தீண்டாமை, கட்டில் பின்னுதலை ஒரு சாதியின் கையில் நிறுத்தியிருந்தால், நாருக்கு மாறியபோது அவ்வேலை எவர் வீட்டுத் திண்ணையிலும் செய்யத்தக்கதாயிற்று. வீட்டில் செய்துகொள்ளும் கட்டில் என்பது இம்மாற்றத்திற்குப் பின்னரே பரவலாக இயன்றிருக்க வேண்டும். புறநானூற்றுக் கட்டிலுக்கும் நாட்டுப்புறக் கயிற்றுக் கட்டிலுக்கும் இடையிலான நீண்ட இடைவெளியில் இம்மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதே, அரசு கட்டிலைக் காட்டிலும் ஆய்வுக்குத் தகுதியான வினா.

இன்றைய நிலை

இரும்புக் கட்டிலும் மடக்குக் கட்டிலும் ஊர்ப்புறங்களில் வந்தபின் பூவரசங்கால் கட்டில் கொல்லைப்புறத்திற்குச் சென்றது. எஞ்சியவற்றிலும் நாருக்கு மாற்றாக நெகிழி நாடா ஏறியுள்ளது. அது மட்காது, மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றினாலும் தாங்கும். ஆகவே மறுபின்னலுக்கு அழைப்பு வருவதில்லை. மறுபுறம், நகரக் கடைகளில் கயிற்றுக் கட்டில் மரபின் சின்னமாகவும் உடல்நலப் பொருளாகவும் விற்கப்படுகிறது. 2017இல் ஆசுத்திரேலியாவில் ஒருவர் இத்தகைய கட்டிலை 990 டாலருக்கு விளம்பரப்படுத்தியது இந்தியச் செய்தித்தாள்களில் நகைப்புக்குரிய செய்தியானது. நகைத்தவர் எவரும் நம் ஊரில் அதைப் பின்னுபவருக்கு என்ன கூலி என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அருங்காட்சியகங்களில் தேர்க்கால் சிற்பமும் செட்டிநாட்டுத் தேக்குக் கட்டிலும் இடம்பெறுகின்றன. உழவர் வீட்டுக் கட்டிலைச் சேகரிப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கட்டை அவிழ்த்தால் அது எட்டு மரத்துண்டுகளாகிவிடும். அத்துண்டுகளும் வீணாகக் கிடப்பதில்லை. நீளச் சட்டம் மாட்டுக் கொட்டகையின் குறுக்குக் கழியாகிறது. கால் மண்ணில் அறையப்பட்டு மாடு கட்டும் முளையாகிறது. களஆய்வு மேற்கொள்வோர் கொட்டகைகளையும் பார்க்க வேண்டும். முளையின் மேற்புறத்தில் அடுத்தடுத்த இரு பக்கங்களில் சதுரத் துளைகள் இருந்தால், அவற்றின் அகலம், ஆழம், உள்ளே சந்திக்கும் கோணம், வாய்ச்சித் தழும்பு, கயிறு தேய்த்த தடம் ஆகியவற்றைப் பதிவு செய்ய இயலும். அத்தடத்தின் அகலமே அங்கே ஓடியது நாரா, நாடாவா, வாரா என்பதைச் சொல்லக்கூடும்.